சாயம் போகும், சொல்லிட்டேன்

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் மாலைக்குள் எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துவிடும். "படிச்சேம்மா. ரெண்டாவது பத்தி இழுவை. என்னை ரொம்ப நல்லவளா எழுதியிருக்க, அது தப்பு. மத்தபடி பரவாயில்ல." பரவாயில்லை என்பதுதான் அவரிடம் கிடைக்கக்கூடிய பெரிய பாராட்டு. அதற்கு மேல் அவர் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலைப் பக்கம் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு. மூன்றாம் மாடியில் நாங்கள் புதிதாகக் குடிபோனபோது என் மகளுக்குப் பத்து மாதம். கன்டோன்மென்டில் ஒரு அச்சக அலுவலகத்தில் விளம்பர நோட்டீஸ் வடிவமைத்துக்கொண்டிருந்த வேலையைக் குழந்தைக்காக விட்டிருந்தேன். பால் காய்ச்சிய அன்று கீழ்த்தளத்திலிருந்து ஒரு அம்மாள் ஏறி வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"சமையல்கட்டுல மத்தியானம் மூணு மணிக்கு மேல நிக்க முடியாது, மேற்கு வெயில். பாத்ரூம் குழாய் ரெண்டு தடவை முனகிட்டுத்தான் தண்ணி விடும். ஓனர் போன் எடுக்க மாட்டார். மத்தபடி வீடு பரவாயில்லம்மா" என்றார்.

"இவங்களை ஒரு வாரம் முன்னாடி பாத்திருக்கணும்" என்று என் கணவர் என் காதில் முணுமுணுத்தார். அந்த அம்மாள் சொன்ன மூன்றும் அந்த வாரத்துக்குள்ளேயே உண்மையாயின.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரைக் காட்டி, "இவர்தான் எங்க வீட்டுக்காரர். ஒரு காது மந்தம். குழம்புல புளி கூடினா ரெண்டு நாள் பேச மாட்டார். மத்தபடி தங்கமான மனுஷர்" என்று அறிமுகம் செய்தார். அவர் பேப்பரை இறக்கி, பழகிப்போனவராக எனக்கு ஒரு வணக்கம் வைத்தார். அன்றிலிருந்து அந்த அம்மாளை நான் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

அக்காவுக்குப் புடவை வியாபாரம். கடை என்று எதுவும் கிடையாது. ஸ்ரீரங்கத்தில் அப்போது பாதி வீடுகளில் போன்தான் கடை, ஸ்டேட்டஸ்தான் ஷோகேஸ். ஒருவர் பருப்புப் பொடி போடுவார், ஒருவர் நைட்டி, ஒருவர் கவரிங் நகை. எல்லாருக்கும் ஒரே பாஷைதான். 'லாஸ்ட் பீஸ்! சீக்கிரம் புக் பண்ணுங்க! விட்டா கிடைக்காது!' பின்னால் வரிசையாக நெருப்புப் பொம்மைகள். அக்காவின் ஸ்டேட்டஸ் மட்டும் வேறு மாதிரி இருக்கும். மாடிப்படி ஜன்னல் வெளிச்சத்தில் புடவையை விரித்துப் பிடித்துக்கொண்டு பேசுவார்.

"இந்த மெரூன் உங்க போன்ல பளிச்சுனு தெரியும். நேர்ல பழைய செங்கல் கலர். முந்தானையில இங்க பாருங்க, நூல் ஒரு இடத்துல தள்ளியிருக்கு. கஞ்சி போடலன்னா தொளதொளன்னு போயிடும். அவசரம் ஒண்ணும் இல்ல, இன்னும் இருபது பீஸ் இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. விளம்பரத் துறையில் நான் கற்றதையெல்லாம் ஒரே நிமிடத்தில் இந்த அம்மாள் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தார். இருபது பீஸும் அந்த வாரத்திலேயே போய்விட்டன என்று தெரிந்தபோது சிரிப்பு நின்றது.

உத்தர வீதியில் ஒரு மாமி, அக்காவின் நிரந்தர வாடிக்கை. ஒருநாள் ப்ளவுஸ் துணியோடு வந்தவர் என்னிடம் சொன்னார்: "இவ புடவையை விக்கறாளா, வையறாளான்னே தெரியலைடி. ஆனா பாரு, இவ வஞ்சாத்தான் நேக்கு வாங்கணும்னு தோணறது."

விஷயம் அதுதான். அக்கா ஒரு புடவையின் குறையெல்லாம் சொல்லி முடித்துவிட்டால், மிச்சமிருப்பதை நம்பலாம். அவர் சொல்லாத குறை அந்தப் புடவையில் கிடையாது. இது அவருடைய வாட்ஸ்அப் குரூப்பில் இருந்த அத்தனை பெண்களுக்கும் தெரியும். வேறு கடைகளின் போட்டோவைக்கூட அவருக்கு அனுப்பி, 'அக்கா, இது எப்படி?' என்று கேட்பார்கள். இவரும் தன் வியாபாரத்தை விட்டுவிட்டு உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

நான் சும்மா இருப்பேனா? கை அரித்தது. ஒருநாள் அவருக்கு உதவி செய்வதாக நினைத்து, ஒரு மஞ்சள் புடவையின் போட்டோவை என் போனில் கொஞ்சம் மெருகேற்றி அனுப்பினேன். படியேறி வந்துவிட்டார்.

"இந்தப் புடவைக்கு யாரு பவுடர் போட்டது?"

"வெளிச்சம் மட்டும் கொஞ்சம் ஏத்தினேங்க்கா."

"கல்யாணத்துக்கு அப்புறம் மூஞ்சி கழுவத்தானேம்மா போறா? அன்னிக்கு மாப்பிள்ளை பயந்துடக் கூடாதுல்ல?"

அன்று முதல் நான் அவருடைய வீடியோவுக்குப் போன் பிடிப்பவளானேன். வெட்டுவது, ஒட்டுவது, எழுத்துப் போடுவது எல்லாம் என் வேலை. அவருக்குப் போனில் பேசத் தெரியும், ஸ்டேட்டஸ் போடத் தெரியும், அவ்வளவுதான். டார்ச் தவறி எரிந்துவிட்டால் அணைக்கத் தெரியாமல் என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார். தன் வீடியோவைத் தானே பார்க்கவும் மாட்டார். "என் குரலை என்னாலயே கேக்க முடியல, பாவம் மத்தவங்க" என்பார்.

நான் வற்புறுத்தி அவரை ஒரு விற்பனை ஆப்பில் சேர்த்துவிட்டேன். பொருளின் சிறப்புகளை எழுதச் சொல்லி ஒரு கட்டம் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். 'பார்டர் கொஞ்சம் குத்தும். உயரமானவர்களுக்குக் கொசுவம் பத்தாது.' இரண்டாம் நாள் அந்த ஆப்பிலிருந்து ஒருவர் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டோம்.

"மேடம், அது ஹைலைட்ஸ் எழுதற இடம்."

"அதான் எழுதியிருக்கேன் தம்பி. வாங்கறவங்க முக்கியமா பாக்க வேண்டியது அதுதானே?"

மறுமுனையில் அவர் "சரி மேடம்" என்றார். பிறகு அவர், தெரிந்தவர்களை விட்டு நல்ல ஸ்டார் போடச் சொல்லுங்கள் என்று யோசனை சொல்லி வைத்துவிட்டார். அக்கா தன் கணவர் போனை வாங்கி என்னிடம் கொடுத்து, ஆப்பில் தன் கடைக்கு மூன்று ஸ்டார் போடச் சொன்னார். காரணமும் எழுதச் சொன்னார்: 'பேக்கிங் சரியில்லை.' எனக்குத் தெரிந்து ஊரிலேயே சொந்தக் கடைக்கு ஸ்டார் குறைத்தவர் அவர் ஒருவர்தான்.

வைகுண்ட ஏகாதசிக்கு ஊரே வியாபாரத்துக்குத் தயாராகும். சொர்க்கவாசல் பார்க்க வருகிறவர்கள் அப்படியே எங்கள் வீட்டுக்கும் வாருங்கள் என்று ஸ்டேட்டஸுக்கு ஸ்டேட்டஸ் அழைப்பு பறக்கும். அக்கா போட்டது இது: "இன்னைக்குப் புடவை பாக்கன்னு யாரும் ஸ்ரீரங்கம் வராதீங்க. வண்டி நிறுத்த எடம் இல்ல, பிள்ளைங்களைத் தொலைச்சிடுவீங்க. பெருமாளைப் பாக்க வந்தா பாத்துட்டு நேரா வீட்டுக்குப் போங்க. புடவை எங்கயும் ஓடாது."

அக்காவின் மகளைப் பெண் பார்க்க வந்தபோதும் இதே கதைதான். கேசரி கொடுத்து முடித்ததும், "காலைல ஏழரைக்கு முன்னாடி எழுந்திருக்க மாட்டா. சாம்பார்ல எப்பவும் உப்பு ஒரு கல்லு கூட. பிடிவாதம் உண்டு" என்று ஆரம்பித்தார். உள்ளறையில் மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மாவோ நிம்மதியாக மூச்சு விட்டு, தன் மகனின் குறைகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினார். அரைமணி நேரம் இருவரும் மாறி மாறிச் சொல்லி முடித்தபோது தேதி குறிக்க வேண்டியதுதான் பாக்கி. மகளும் மருமகனும் ஓசூரில் நன்றாக இருக்கிறார்கள்.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். கல்யாணத்துக்கு முன் டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ் கேர்ளாக இருந்தாராம். வந்தவர்களிடம் துணியின் குறையைச் சொல்லிக்கொண்டே இருந்ததில் மூன்றே மாதத்தில் அனுப்பிவிட்டார்கள். "கடை அவங்களது, பேரும் அவங்களது. எனக்கு என்ன வந்ததுன்னு கேட்டாங்க. நியாயம்தானே? என் பேர் போட்ட கவுண்டர் ஒண்ணு இருந்தா யாரும் கேக்க முடியாதுல்ல" என்று சொல்லிவிட்டு உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அவர் தனக்கென்று ஆசைப்பட்டு நான் கேட்டது அது ஒன்றுதான். புடவைகள் அப்போது கட்டிலுக்கு அடியில், பிரிட்ஜின் மேல், துவைக்கிற மெஷினுக்குப் பின்னால் என்று குடியிருந்தன.

அந்த ஆசை ஒருநாள் தானாகவே வீடு தேடி வந்தது. திருச்சியில் புதிதாகத் திறந்திருந்த, எஸ்கலேட்டர் எல்லாம் வைத்த ஒரு ஜவுளிக்கடையின் மார்க்கெட்டிங் மேனேஜர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, இரண்டு போன்.

"ஊரெல்லாம் ஹோர்டிங் வெச்சோம் மேடம். யாரும் நிமிர்ந்து பாக்கல. எல்லாரும் குனிஞ்சு போனைத்தான் பாக்கறாங்க. அதுல உங்களைப் பாக்கறாங்க" என்றார். தீபாவளிக்கு அவர்கள் கடைப் புடவைகளுக்கு அக்கா ரீல்ஸ் போட வேண்டும். முதல் ரீல் நன்றாகப் போனால், தீபாவளி வரைக்கும் கடையின் தரைத்தளத்தில் அவருக்கு ஒரு கவுண்டர். மேலே அவர் பெயர் போட்ட போர்டு. தீபாவளிக்குப் பிறகும் தொடரலாம்.

கவுண்டர் இடத்தை நானும் அக்காவும் போய்ப் பார்த்தோம். "வாசலுக்கு நேரா இருக்கு, தூசி வரும். ஏசி காத்து முதுகுல அடிக்கும்" என்றார். பிறகு அந்த மேசையைக் கையால் தடவிக்கொண்டே, "மத்தபடி பரவாயில்லம்மா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ரீலுக்கு ஒரு கிளிப்பச்சைப் புடவை, ராணிக் கலர் பார்டர். கடை வாசலிலேயே எடுத்தோம். வழக்கம்போல அக்கா ஈரக் கைக்குட்டையால் பார்டரைத் தேய்த்துக் காட்டினார். கைக்குட்டை ரோஸ் ஆனது. "சாயம் போகும், சொல்லிட்டேன். முதல் ரெண்டு தடவை உப்புத் தண்ணியில தனியா அலசணும். வேற துணியோட ஊறவெச்சா அதுவும் போச்சு. ஆனா கட்டினா நல்ல எடுப்பு. கழுத்துல ஒண்ணும் போட வேணாம்" என்றார். மேனேஜர் சிரித்துக்கொண்டே நின்றார். வீட்டுக்கு வந்து வீடியோவை நான் அனுப்பியதும் எனக்குப் போன் செய்தார்.

"மேடம், நல்லா வந்திருக்கு. அந்தச் சாயம் மேட்டர் ஒரு பதினோரு செகண்ட் வருது. அதை மட்டும் எடுத்துடுங்க. அது இருந்தா எங்க எம்.டி. கவுண்டருக்கு ஒத்துக்க மாட்டார். அவங்களுக்கு நல்லதுக்குத்தான் சொல்றேன்."

குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தேன். அக்காவிடம் கேட்டால் முடியாது என்பார். கவுண்டர் போய்விடும். ஒரே ஒரு ரீல்தானே, அடுத்ததில் சொல்லிக்கொள்ளட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். திரையில் கத்தரிப் படத்தை இரண்டு இடத்தில் தொட்டால் போதும். பதினோரு விநாடி காணாமல் போனது. வெட்டிய இடம்கூடத் தெரியவில்லை. என் வேலையில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ரீல் பிய்த்துக்கொண்டு போனது. எனக்கே நான்கு பேர் அனுப்பினார்கள். கவுண்டர் வந்தது, போர்டும் வந்தது. அக்கா தினமும் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு காலை பஸ்ஸில் கடைக்குப் போனார். அங்கே நின்றுகொண்டு வருகிறவர்களிடம் குறையாகச் சொல்லித் தள்ளினார். கூட்டம் நின்று கேட்டு வாங்கியதால் கடைக்காரர்கள் கண்டுகொள்ளவில்லை. பத்து நாள் அப்படிப் போயிற்று.

பதினோராம் நாள் காலை, அவர் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. நானும் அங்கேதான் இருந்தேன்.

"அக்கா, உப்பிலியபுரத்துலேருந்து பேசுறேங்க. ரெண்டு வருஷமா உங்க ஸ்டேட்டஸ் பாக்குறேன். ரீல்ல பாத்து அந்தக் கிளிப்பச்சைச் சேலை போன்லயே சொல்லி வரவழைச்சேன். நீங்க ஒரு குறையும் சொல்லலையே, நீங்களே சொல்லலைன்னா சுத்தமான சரக்குன்னு, எல்லாத்தையும் ஒரே பக்கெட்டுல ஊறவெச்சிட்டேன். எங்க வீட்டுக்காரர் வேட்டி ரெண்டும் ரோஸாயிடுச்சு. அதை விடுங்க, சிரிச்சிட்டோம். எங்கம்மா இருந்தப்ப கடைசியா எடுத்துக்குடுத்த கிரீம் கலர் சேலையும் அதுல கெடந்துச்சுக்கா. அதுதான்... நான் உங்களைத் திட்டலங்க. சொல்லணும்னு தோணுச்சு."

"நான் சொன்னேனே!" என்றார் அக்கா. "கைக்குட்டையெல்லாம் வெச்சுக் காட்டினேனேம்மா. அந்த ரீலைப் போடு, பாப்போம்."

போட்டேன். முதல் முறையாகத் தன் வீடியோவைத் தானே பார்த்தார். முடிந்ததும் மறுபடி ஓடியது. இரண்டாவது தடவையும் பார்த்துவிட்டு, "அந்த எடம் எங்கம்மா?" என்று கேட்டார்.

"வெட்டிட்டேங்க்கா. மேனேஜர் சொன்னார். உங்க கவுண்டர் போயிடுமேன்னு... நான்தான் வெட்டினேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே போய்ப் பையில் இரண்டு புது வேட்டியும், தன் சரக்கிலிருந்து ஒரு கிரீம் கலர் காட்டன் புடவையும் எடுத்து வைத்தார். "பாப்பாவை எங்க வீட்டுக்காரர்கிட்ட விட்டுட்டு வா. உப்பிலியபுரம் போயிட்டு வரலாம்" என்றார்.

டோல்கேட்டில் துறையூர் பஸ் பிடித்தோம். அங்கிருந்து இன்னொரு பஸ். வழியெல்லாம் பஸ் ஜன்னல் மூடவில்லை, கண்டக்டர் சில்லறை தரவில்லை என்று குறை சொல்லிக்கொண்டே வந்தார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் கொடியில் ரோஸ் வேட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. தூரத்தில் பச்சைமலை தெரிந்தது. அக்காவை நேரில் பார்த்ததும் அந்தப் பெண் போட்டது போட்டபடி ஓடி வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. அம்மாவின் புடவையைக் கொண்டுவந்து காட்டினாள். பாதிக்கு மேல் திட்டுத் திட்டாக ரோஸ். அக்கா அதை வெயிலில் விரித்துப் பார்த்தார்.

"இது போகாதும்மா. எலுமிச்சம்பழம் போடு, சோடா உப்பு போடுன்னு பத்துப் பேர் சொல்லுவாங்க, செய்யாத. துணி கிழிஞ்சிடும். நான் கொண்டாந்திருக்கறது புதுசு, உங்கம்மா புடவைக்கு ஈடாகாது. இருந்தாலும் வெச்சுக்க" என்றார்.

அந்தப் பெண் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு காபி போட உள்ளே போனாள். அக்கா என் பக்கம் திரும்பி, போனை எடுக்கச் சொன்னார். ரோஸ் வேட்டிக்கு முன்னால் நின்றுகொண்டார்.

"அந்தக் கிளிப்பச்சைப் புடவை சாயம் போகும். போன ரீல்ல அது வரல, என் தப்பு. வாங்கினவங்க தனியா உப்புத் தண்ணியில அலசுங்க. கட்டாதவங்க கடையில திருப்பிக் குடுங்க, எடுத்துக்கலன்னா எங்கிட்ட வாங்க."

"அக்கா, இதைப் போட்டா கவுண்டர்..." என்றேன்.

"போடும்மா" என்றார்.

போட்டேன். அவர் பெயர் போட்ட போர்டை மறுநாளே கழற்றிவிட்டார்கள். அதை அவர் நேரில் போய்ப் பார்க்கவில்லை.

காபியோடு வந்த பெண் என் கையிலிருந்த போனையே பார்த்தாள். "அக்கா, எனக்கு ஒண்ணு மட்டும் மனசுல ஒட்டலங்க. நீங்க சொல்லாம விடற ஆளில்லையே. வீடியோவை வெட்டி ஒட்டறது இவங்களா? இவங்கதான் எடுத்துட்டாங்களா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"சேச்சே, இவ சும்மா போன் பிடிக்கறவ. வெட்டறது ஒட்டறது எல்லாம் நான்தான்" என்றார் டார்ச்சை அணைக்கத் தெரியாத அக்கா. "அன்னிக்குக் கவுண்டர் நெனப்புல சொல்ல மறந்துட்டேன். நீ காபியைக் குடிம்மா, ஆறிடப் போகுது" என்று தம்ளரை என் கையில் திணித்தார். நான் குடித்தேன். திறந்த வாயை அந்தக் காபியாலேயே மூடிக்கொண்டேன்.

அவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அது. அடுத்த வருடம் என் கணவருக்குச் சென்னைக்கு மாற்றலாகி நாங்கள் ஸ்ரீரங்கத்தை விட்டு வந்தோம். ஆறு வருடமாகிறது. அக்கா இப்போதும் மாடிப்படி ஜன்னலில் நின்று ஸ்டேட்டஸ் போடுகிறார், நான் இப்போதும் பார்க்கிறேன். குரூப்பிலிருந்து அன்று விலகிய சிலர் திரும்பி வரவே இல்லை. ஆசைப்பட்டு மறைத்துவிட்டார் என்று அவர்கள் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உப்பிலியபுரத்துத் தங்கையே, அவர் மறக்கவில்லை. சாயம் போகும் என்று கைக்குட்டையில் தேய்த்துக் காட்டித்தான் சொன்னார். வெட்டியது நான்.